ஏரிச் சுவரும் பின்கதவும்

சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் ஒரு சீன உணவகம் இருக்கிறது. அங்கே சமைப்பவர் யாழ்ப்பாணத்தார், மரக்கறி வெட்டுபவர் திருகோணமலைக்காரி, சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தொழிற்சாலைகளின் சுவிஸ்காரர்கள். சீனாவின் பங்கு இரண்டே இரண்டு. ஒன்று முதலாளி ஷென் அம்மா. மற்றது சாப்பாட்டு மண்டபத்தின் இடப்பக்கச் சுவர்.

அந்தச் சுவர் முழுக்க ஓர் ஏரி. ஷென் அம்மா பிறந்த ஹாங்ஜோ நகரத்து மேற்கு ஏரியை, கடை திறந்த காலத்தில் யாரோ உறவினர் வந்து தங்கி வரைந்து கொடுத்தாராம். கொஞ்ச நேரம் பஸ்ஸில் போனால் நிஜமான லுட்சேர்ன் ஏரியும் அதைச் சுற்றி நிஜமான மலைகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே சீனாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். பார்த்து முடித்துப் பசியெடுத்ததும் இங்கே வந்து, தாங்கள் விட்டுவிட்டு வந்த ஏரியைப் பார்த்தபடி நூடில்ஸ் சாப்பிடுகிறார்கள்.

படத்தில் ஒரு பாலம் உண்டு. பெயர் உடைந்த பாலம், ஆனால் உடையவில்லை. ஏரிக்குள் ஒரு குன்று உண்டு. பெயர் தனிமலை, ஆனால் ஏறுபவர்களுக்குக் குறைவே இல்லையாம். பின்னால் மேகம் மூடிய மலைகளில் ஓர் ஊற்று. தண்ணீர் இல்லாமல் தவித்த துறவிக்காக இரண்டு புலிகள் நிலத்தைப் பிறாண்டி எடுத்த ஊற்று அது என்று ஷென் அம்மா ஒருமுறை சொன்னார்.

"புலி தோண்டின கிணறு எண்டு வெளியில சத்தமாச் சொல்லிப் போடாதேங்கோ அக்கா, பிறகு இன்னொரு விசாரணைக்குக் கூப்பிடுவாங்கள்" என்றான் சமையற்காரன் குகநாதன், மரக்கறி வெட்டும் ஜெயமலரிடம்.

ஊற்றுக்கு மேலே ஒரு மலை. முன்னொரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் அதைப் பார்த்து, இது எங்கள் நாட்டு மலையாயிற்றே, எப்போது பறந்து வந்தது என்று கேட்டாராம். அன்றிலிருந்து அதற்குப் பறந்து வந்த மலை என்றே பெயர். விசா இல்லாமல் வந்து, ஒருவராலும் திருப்பி அனுப்பப்படாமல் இருக்கும் ஒரேயொரு ஆள் அந்த மலைதான் என்பது குகநாதனின் கருத்து. ஜெயமலருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய ஊரின் கோணேசர் மலையும் வடக்கேயிருந்து காற்றில் பிய்ந்து வந்து விழுந்ததுதான். "மலையள் வாறது போறதுதானே" என்றார்.

ஜெயமலர் முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் தவராஜா தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறவர். யுத்தத்தின் கடைசி மே மாதத்தில் அவர் வட்டுவாகல் பாலத்துக்கு அப்பால் இராணுவம் கொண்டுவந்த ஒரு பஸ்ஸில் ஏறினார். பஸ் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும். அவர் சேரவில்லை. அப்போது மகள் யதுஷா பேசத் தொடங்கியிருந்த குழந்தை. இப்போது லுட்சேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

தாலிக்கொடியை வன்னியில் அரிசிக்காக விற்றுவிட்டு, ஜெயமலர் அன்றிலிருந்து மஞ்சள் கயிற்றையே கட்டியிருந்தார். நிறம் மங்க மங்க மஞ்சள் பூசி வந்தார். அதனால் அவருடைய கழுத்துப்பட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் வளையம் உண்டு. நெற்றியில் குங்குமப் பொட்டு. லாங்கன்தாலில் இருக்கும் தவராஜாவின் தங்கை நிரஞ்சினிக்கு இது பொறுக்கவில்லை.

"அண்ணைக்கு ஓர் அந்தியேட்டி எண்டாலும் செய்து விடுவம் அண்ணி. அந்தரிச்சுக்கொண்டு திரியுதோ என்னவோ" என்று தொலைபேசியில் அழுவாள்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் எப்பிடி அந்தியேட்டி செய்யிறது? நீங்கள் செய்யிறதெண்டாச் செய்யுங்கோ. என்ர பேரைச் சொல்லிச் செய்யாதேங்கோ."

தவராஜா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஜெயமலரிடம் சாட்சி இருந்தது. அதை அவர் நிரஞ்சினிக்குச் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. குகநாதனிடம் மட்டும், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

உணவகத் தொழிலில் மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நீண்ட இடைவேளை உண்டு. 'சிம்மர்ஷ்டுண்ட' என்பார்கள். குகநாதன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவான். ஜெயமலர் போவதில்லை. யன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கதிரைகள் கவிழ்ந்து கிடக்கும் மண்டபத்தில், ஏரிச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். காலையில் சோறு வெந்ததும் முதல் அகப்பையை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, படத்தில் ஊற்றுக்கருகே இருக்கும் கோயிலுக்கு நேர்கீழே வைத்திருப்பார். சமையலறையில் சாமிப்படம் மாட்ட இடமில்லை. கோயில் என்றால் கோயில்தானே. ஷென் அம்மா அதைப் பார்த்தார். அடுத்த நாள் பக்கத்தில் ஒரு தோடம்பழம் இருந்தது.

அந்த இடைவேளையில்தான், வெளியே நல்ல வெயில் அடிக்கும்போது, பின்கதவுக்கு வெளியே ஒருவர் தொண்டையைச் செருமுவார்.

இருமல் அல்ல, செருமல். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் ஆண்பிள்ளை, உள்ளே இருப்பவர்களுக்கு அறிவிக்கச் செய்கிற சத்தம். முதல் தடவை ஜெயமலர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். குப்பைத் தொட்டிகள், சைக்கிள், வெறும் முற்றம். அதன்பின் பழகிவிட்டது. இருந்த இடத்திலிருந்தே, "ஓம், திறந்துதான் இருக்கு, வாங்கோ" என்பார். யாரும் வருவதில்லை.

"செத்த ஆக்கள் கனவுக்குள்ள நேர வருவினம், குகன். கேட்டுக் கேள்வியில்லை. உயிரோட இருக்கிறவைதான் வெளியில நிண்டு கூப்பிடுவினம்" என்று விளக்கினார். "அவர் எங்கயோ இருந்து என்னை நினைக்கிறார். நினைக்கிறது இங்க வந்து கேக்குது."

குகநாதன் படித்தவன், யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் ஓராண்டு. சூடாகிக் குளிரும் காற்றுக்குழாயின் சத்தம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், இடைவேளையில் எதையாவது மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வர நேர்ந்தாலும், இரவு வேலைக்கு வந்தாலும், அவன் பின்கதவால் வருவதில்லை. சுற்றிப்போய் முன்கதவைத் தட்டுவான்.

இந்த ஏப்ரலில் ஷென் அம்மா, தகப்பனின் கல்லறையைத் துப்புரவாக்க ஊருக்குப் போனார். போன இடத்தில் ஒரு காலை, அதாவது இங்கே காலை, வீடியோவில் கூப்பிட்டார். ஜெயமலர் தொலைபேசியைச் சோயாப் போத்தலில் சாய்த்து வைத்தார். திரையில் மலை, மூங்கில், கல்லில் வழியும் தண்ணீர், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். சுவரிலிருந்த கோயிலேதான், கூரையில் மட்டும் ஓர் அன்டெனா கூடியிருந்தது.

ஷென் அம்மாவும் ஜெயமலரும் ஒருவரோடொருவர் பேசுவது ஜெர்மன் மொழியில். இருவருக்குமே அது ஏறக்குறையத்தான் தெரியும். ஆனால் வருடக்கணக்காக ஒன்றாக வேலை செய்து, அந்த ஏறக்குறைய இருவருக்கும் போதுமானதாகியிருந்தது.

"உன் கணவருக்காகக் கோயிலில் ஒரு பெயர்ப்பலகை வைக்கிறேன். துறவிகள் ஓதுவார்கள். இங்கே இரண்டு சுவர் இருக்கிறது. பார், சிவப்பு. பார், மஞ்சள். எது?"

சின்னச் சின்னப் பலகைகள், வரிசை வரிசையாக. ஒரு சுவர் முழுக்கச் சிவப்பு, எதிர்ச் சுவர் முழுக்க மஞ்சள். ஜெயமலர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"மஞ்சள்."

ஷென் அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். "மஞ்சளா? நிச்சயமா?"

"நிச்சயம். நல்ல மஞ்சள். வடிவான மஞ்சள்."

ஷென் அம்மாவின் கண்கள் கலங்கின. "சரி. நல்லது. மிக நல்லது" என்று சொல்லி, கைகூப்பிவிட்டு வைத்தார். எவ்வளவு அன்பான மனுசி என்று ஜெயமலர் நினைத்தார்.

அன்றைய இடைவேளையில் பின்கதவில் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு கிழமைக்குப் பிறகு, வெயில் திரைச்சீலையில் கோடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், செருமல் கேட்டது. ஜெயமலர் வாய்திறந்து "ஓம்" என்றவர் நிறுத்திக்கொண்டார்.

சத்தம் பின்பக்கத்திலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து வந்தது. சுவரிலிருந்து; ஊற்றுக்கும் பறந்து வந்த மலைக்கும் நடுவில் எங்கேயோ இருந்து. கல்லடியில் குனிந்து தண்ணீர் குடித்து நிமிர்ந்தவரின் செருமல் போல அதில் ஓர் ஈரம் இருந்தது.

ஜெயமலர் பயப்படவில்லை. ஓதியது வேலை செய்கிறது, மனுசன் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார் என்று கணக்குப் போட்டார். ஷென் அம்மா அனுப்பியிருந்த மஞ்சள் பலகைப் படத்தைக் கடையில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மறுநாள் மண்டபத்தில் கோயிலுக்கு நேர்கீழே மாட்டினார். நல்ல காரியத்துக்குப் பூ வேண்டாமா? சூப்பர்மார்க்கெட் வாசலில் வைத்து விற்கிற மஞ்சள் செவ்வந்தியை வாங்கி மாலையாகக் கட்டிப் போட்டார். அந்தப் பூவைச் சுவிஸ்காரர்கள் கல்லறைக்குத்தான் வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. குகநாதனுக்குத் தெரியும். அவன் வாத்து வறுப்பதில் மும்முரமாக இருந்தான்.

அன்று மத்தியானம் சீனச் சுற்றுலாக் குழு ஒன்று வந்தது. சிரித்துக்கொண்டே வந்தவர்களில் முதலில் உட்கார்ந்த கிழவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார், எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவருமே கரண்டியைத் தொடவில்லை. சிலர் தலை குனிந்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் முகத்தைக் கையால் மறைத்து எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

வழிகாட்டிப் பெண் சமையலறை வாசலுக்கு வந்து தணிந்த குரலில், "வீட்டில் சாவு நடந்திருக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கலாமே. எங்கள் அனுதாபங்கள்" என்றாள்.

"ஆர் செத்தது?" என்றான் குகநாதன், தமிழில்.

அவள் பலகையைக் காட்டினாள். கோயிலில் சிவப்புச் சுவர் உயிரோடிருப்பவர்களின் ஆயுளுக்கு. மஞ்சள் சுவர் இறந்தவர்கள் அந்தப் பக்கம் நல்லபடி போய்ச் சேர்வதற்கு. சீனாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெயமலர் கையிலிருந்த முள்ளங்கியை வெட்டும் பலகையில் வைத்தார். பிறகு திரும்ப எடுத்தார். பிறகு வைத்தார்.

அடுத்த நாள் காலை ஷென் அம்மாவோடு நடந்த பேச்சு சமையலறைக்கு வெளியே தெருவரை கேட்டது.

"நான் இரண்டு தடவை கேட்டேன்! நிச்சயமா என்று கேட்டேன்! நீ வடிவான மஞ்சள் என்றாய்!"

"எங்கட ஆக்களுக்கு மஞ்சள்தான் உயிர்! தாலி மஞ்சள், மங்களம் மஞ்சள்!"

"எங்கள் ஆட்களுக்கு மஞ்சள் சாவு! நான் உனக்காக அழுதேன். ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று துறவியிடம் சொல்லி அழுதேன்!"

"அக்கா, சிவப்பைப் பாத்தா எங்களுக்கு நில், போகாதே எண்டுதானே படும். அதைப் போய் உயிருக்கு வைச்சிருக்கினம்" என்று குகநாதன் குறுக்கே விழுந்தான்.

"நீ உன்ர வாத்தைப் பார்."

மஞ்சளை எடுத்துவிடலாமா என்று ஜெயமலர் கேட்டார். ஷென் அம்மா துறவியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். எடுக்கலாம், ஆனால் ஓதியது ஓதியதுதான், அதைத் திருப்பி ஓத முடியாது. ஜெயமலர் யோசித்தார். எடுத்தால், உள்ளே வந்தவர் மறுபடி குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எடுக்காவிட்டால், தன் கணவரைத் தன் வாயாலேயே சாகடித்தவள் ஆவார்.

"மஞ்சள் இருக்கட்டும். சிவப்பும் ஒண்டு வையுங்கோ."

"ஒரே ஆளுக்கா? இரண்டு சுவரிலுமா?"

"ஓம்."

கோயிலில் ஒருவரும் மறுக்கவில்லை. இரண்டு சுவருக்கும் இரண்டு மேசைகள். ஒரு மேசையில் நடப்பது மற்ற மேசைக்குத் தெரியாது. உலகத்து அலுவலகங்கள் எல்லாம் அப்படித்தான் இயங்குகின்றன. இறந்தவர் சுவரில் ஒன்று, உயிரோடிருப்பவர் சுவரில் ஒன்று என்று தவராஜா இரண்டு பக்கமும் பதிவானார்.

மறுநாள் யதுஷாவுக்கு அரைநாள் விடுமுறை. தாயோடு சாப்பிட வந்தாள். சாப்பிட்டு முடித்து, தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, பின்கதவில ஆரோ நிக்கினம்."

ஜெயமலர் துடைத்துக்கொண்டிருந்த மேசையை விட்டு நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் அவரைத் தவிர ஒருவருக்கும் கேட்டதில்லை.

"என்ன கேட்டது?"

"தொண்டையைச் செருமினவர். வயசான ஆள் மாதிரி." யதுஷா போய்க் கதவைத் திறந்தாள். ஒருவரும் இல்லை. கதவை மூடித் திரும்பியவள் அப்படியே நின்றாள். "உள்ளுக்கும் ஒருத்தர் இருக்கிறாரோ?"

இப்போது சுவரிலிருந்து கேட்டது. அதே குரல், ஈரமாக. அது ஓய்ந்ததும் பின்கதவில், காய்ந்து. பிறகு சுவரில். ஒரே வாசலில் எதிரெதிரே சந்தித்துக்கொண்ட இரண்டு சுவிஸ்காரர்கள் நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று நிற்பார்களே, அப்படி ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு. யதுஷா கழிவறைகளைத் திறந்து பார்த்தாள். மேசைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கடைசியில் சுவரில் காதை வைத்தாள். எடுத்தபோது கன்னம் நனைந்திருந்தது. அது வியர்வையா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆர் அம்மா இது?"

ஜெயமலர் சொன்னார், முதலிலிருந்து எல்லாவற்றையும். மகள் சிரிப்பாள், அல்லது வைத்தியரிடம் போவோம் என்பாள் என்று எதிர்பார்த்தார். யதுஷா ஒரு கதிரையை நிமிர்த்தி, பின்கதவைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடியுமுன்பே வந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் வழியை மறித்துக்கொண்டு காத்து நின்றாள். கடை மூடியதும் அதே கதிரை. கைகளை மடியில் கோத்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மூச்சை இழுத்துப் பிடித்தபடி. இரண்டு பக்கமும் சத்தம் வந்தது. வரும்போதெல்லாம் அவள் முகம் ஒரு சின்னப் பிள்ளையின் முகமாகிப் போனது.

ஜெயமலர் தன்னை ஒருபோதும் பக்கவாட்டில் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். அந்தக் கழுத்துச் சாய்வில் தான் கழித்த வருடங்கள் எல்லாம் இருந்தன. இவளுக்கு வேலை இருக்கிறது, சிநேகிதர்கள் இருக்கிறார்கள், கோடைக்கு எங்கேயோ போகத் திட்டம் இருக்கிறது. அந்தக் கதிரையில் ஒருமுறை நன்றாக உட்கார்ந்துவிட்டால் அதிலிருந்து எழுந்திருப்பது எப்படி என்று ஜெயமலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் எழுந்திருப்பார்.

அடுத்த காலை அவரே ஷென் அம்மாவைக் கூப்பிட்டார்.

"சிவப்பைக் கழட்டுங்கோ."

"மஞ்சளையா?"

"சிவப்பை."

ஷென் அம்மா தொலைபேசியோடு கோயிலுக்கு நடந்தார். "நிச்சயமா?" என்றார். தொலைபேசியைச் சிவப்புப் பலகைக்கு நேரே பிடித்து, மறுபடி "இதையா?" என்றார். கண்ணாடியை எடுத்துவிட்டு, துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாம் தடவையும் கேட்டார். இந்த முறை அவர் தவறு நடக்க விடுவதாயில்லை.

"நிச்சயம். அவர் செத்துப் போனார். கழட்டுங்கோ."

அந்த வார்த்தையை ஜெயமலர் முதன்முதலாகச் சொன்னது, பாதி தெரிந்த மொழியில், ஒரு சோயாப் போத்தலைப் பார்த்து.

திரையில் பலகை ஆணியிலிருந்து கழன்றது. அப்போது தொலைபேசியிலிருந்து, வெகு கிட்டத்தில், காதுக்குள் போல, ஒரு செருமல் கேட்டது. குகநாதன் கத்தியைக் கீழே போட்டான்.

"பக்கத்தில ஆர் அம்மா நிக்கிறது? துறவியோ?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டான்.

ஷென் அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். "இங்கே யாரும் இல்லையே. நான் மட்டும்தான். ஏன், நீங்கள் இருவரும் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?"

பௌதிகவியல் ஓராண்டு படித்தவன் கத்தியைக் கழுவப் போனான். நெடுநேரம் கழுவினான்.

அன்றைய இடைவேளையில் யதுஷா வந்து உட்கார்ந்தாள். யன்னல் திரைகள், கவிழ்ந்த கதிரைகள், சுவரில் ஏரி. குளிரூட்டியின் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. கதவிலும் இல்லை, சுவரிலும் இல்லை. அவள் ஒருமுறை எழுந்து கதவைத் திறந்து, மூடி, திரும்ப வந்தாள்.

"இண்டைக்கு ஏன் வரேல்லை?"

"போயிட்டார்" என்றார் ஜெயமலர். "சிவப்பைக் கழட்டச் சொன்னனான்."

யதுஷா கதிரையை விட்டு எழுந்தாள்.

"ஆரைக் கேட்டுக் கழட்டினீங்கள்?"

"உனக்காகத்தான் பிள்ளை. நீயும் என்னை மாதிரி இருந்து..."

"எனக்கு அவரின்ர முகம் ஞாபகம் இல்லை. குரல் ஞாபகம் இல்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் இங்க இருந்து கேட்டீங்கள், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. எனக்குக் கிடைச்சது ரெண்டே ரெண்டு நாள். அதையும் நீங்களே நிப்பாட்டிப் போட்டியள்."

"ஓம்" என்றார் ஜெயமலர். மகள் சொன்னது உண்மை, தான் செய்ததும் சரி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அங்கே கிடந்தன.

யதுஷா பின்கதவைத் திறந்து, வெளியே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்துப் படியில் போய் இருந்தாள். சற்றுப் பொறுத்து ஜெயமலரும் போய்ப் பக்கத்தில் இருந்தார். மகள் தள்ளி இருக்கவில்லை, நெருங்கியும் வரவில்லை. வெயில் முற்றத்தைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறும்வரை அப்படியே இருந்தார்கள்.

குகநாதன் இரவு வேலைக்கு வந்தபோது, அன்று முதல் தடவையாகப் பின்பக்கத்தால் வந்தான். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தான்; எதுவும் கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டான்; ஆனால் பின்னால் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் வாசலை விட்டு எழும்புங்கோ அக்கா, மரக்கறி வான் வந்திட்டுது."